பகல்ல வீட்ல யாரு இருப்பா?

எங்க வீட்டுக்கு ஒரு நாய் வாங்கறதுக்கு நடந்த ஆராய்ச்சியில கால்வாசி என் கல்யாணத்துக்கு நடந்திருந்தா, நான் இன்னிக்குத் தம்பி வீட்டு பால்கனியில உக்காந்து ஊரான் பேன்ட்டுக்கெல்லாம் மடிப்பு அடிச்சிட்டு இருக்க மாட்டேன். எனக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனவங்க ஒரு டீ குடிச்சாங்க, பையன் பரவால்லன்னுட்டு வந்துட்டாங்க. நாய்க்கு மட்டும் சுபாவம் எப்படி, கோவம் வருமா, குழந்தைங்ககிட்ட எப்படி நடந்துக்கும், பரம்பரையில ஏதாவது வியாதி உண்டான்னு ஒரு மாசமா அலசு அலசுன்னு அலசினாங்க.

என் கல்யாணம் என்னாச்சுன்னு கேக்காதீங்க. போன வேகத்துல திரும்பி வந்தேன். அது தனிக் கதை, அதுல நாய் கிடையாது.

பால்கனின்னா சும்மா பால்கனி இல்ல. கண்ணாடி போட்டு அடைச்சது. ஒரு பக்கம் என் கட்டில், ஒரு பக்கம் தையல் மெஷின், நடுவுல இஸ்திரிப் பலகை. தலைக்கு மேல துணி காயப் போடற கொடி. கதவு கிடையாது, திரைதான். துணி எடுக்க எல்லாரும் வந்து போகணுமே, கதவு வச்சா எப்படி? லாண்டரிக்காரர் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஸ்கூட்டர்ல மூட்டை கொண்டு வந்து போடுவார். ஜிப் மாத்தணும், கால் நீளம் குறைக்கணும், இடுப்பு பிரிச்சு விடணும். இந்த ஏரியாவுல யாரு யாரு எவ்வளவு பெருத்திருக்காங்கன்னு அவங்கவங்க டாக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

தம்பி இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல வேலை பார்க்கறான். அவன் பொண்டாட்டி கண் டாக்டர் கிளினிக்ல வரவேற்பு மேஜையில உக்காந்திருக்கா. ரெண்டும் பொண்ணுங்க. மூத்தவ ஆறாவது படிக்கறா, வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினா அதிசயம். அவளைப் பெரியவன்னே கூப்பிடுவோம். சின்னதுக்குப் பேரு வாலு. ஸ்கூல் டீச்சரே அப்படித்தான் கூப்பிடறாங்களாம், அதுக்கு மேல நான் என்ன சொல்ல.

நல்லவங்கதான். யாரும் என்னை ஒரு வார்த்தை கடுமையா சொன்னது கிடையாது. சண்டை போட்டதுகூடக் கிடையாது. சண்டை போடணும்னா ஒரு ஆள் எதிர்ல இருக்கான்னு தோணணும் இல்லையா? என்கிட்ட வர்றவங்க எல்லாரும் கையில ஒரு துணியோடதான் வருவாங்க. அக்கா, இந்தப் பட்டன். அத்தை, பாவாடை கிழிஞ்சு போச்சு. ஹால்ல எதையோ பார்த்து நாலு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நான் மெஷினை நிறுத்திட்டு எந்திரிச்சுப் போறதுக்குள்ள சிரிப்பு முடிஞ்சு போயிருக்கும். என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்லக்கா, சும்மாங்கற பதில்தான்.

இப்படி இருக்கறப்பத்தான் வியாழக்கிழமை லாண்டரிக்காரர் மூட்டையோட ஒரு சேதியும் கொண்டு வந்தார். வேற ஊர்ல இன்னொரு கடை திறக்கறாராம். பஸ்ல போனா அரை நாள் ஆகும். ஆல்டரேஷனை முழுசா நான் பார்த்துக்கணுமாம், கடைக்கு மேலயே ஒரு ரூம் இருக்காம். "திங்கட்கிழமை சொல்லுங்கம்மா, நான் வேற ஆள் பார்க்கணும்"னுட்டுப் போயிட்டார்.

எனக்குப் போகணும்னு ஆசையெல்லாம் இல்ல. அந்த ஊர்ல ஒரு ஈ காக்காகூடத் தெரியாது. ஆனா ஒரு நெனப்பு வந்து ஒட்டிக்கிச்சு, போகவே மாட்டேன்னுது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருக்கும்போது விஷயத்தைச் சொல்றது. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், போகாதன்னு சொன்னா போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். வாயைப் பொத்திட்டு இருந்துடலாம். இந்த வயசுல இப்படி ஒரு பரீட்சை வைக்கறது கிறுக்குத்தனம்னு எனக்கே தெரியும். ஆனா அந்த ஒரு வார்த்தைக்கு அவ்வளவு ஏங்கிப் போயிருந்தேன், அதுதான் நிஜம்.

ஞாயித்துக்கிழமை காலையில நாலு பேரும் ஹால்ல உக்காந்திருந்தாங்க. கையைத் துடைச்சிட்டுப் போய், "ஒரு விஷயம் பேசணும்டா"ன்னேன்.

"இருக்கா, முதல்ல நாயை முடிச்சிடலாம்"னான் தம்பி. போன்ல படம் படமாத் தள்ளிட்டு இருந்தான்.

சரி, நாய் முடியட்டும்னு ஓரமா நின்னேன்.

"அல்சேஷன்! கம்பீரமா இருக்கும்"னான்.

"வீட்டுக்குள்ள போலீஸ் ஸ்டேஷன் வைக்கப் போறியா?"ன்னா அவன் பொண்டாட்டி. "பக் வாங்கலாம், மடியில வச்சுக்கலாம்."

"அது குறட்டை விடும்மா. வெயில்ல மூச்சு வாங்கும்"னா பெரியவ. எத்தனை நாய் இருக்கோ அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். நாய் வேணும்னு முதல்முதல்ல கேட்டவளே அவதான். வாலுவுக்கு அப்பப் பேச்சே வரல. இவ நாய், நாய்னு கேட்டுக் கேட்டு அலுத்து, கேக்கறதையே விட்டுட்டா. இப்ப வாலு தரையில புரண்டு அழுததும் ஒரே மாசத்துல காரியம் நடக்குது. ஊர் உலகம் அப்படித்தான்.

"குறட்டை ஏற்கெனவே ஒண்ணு விடுது இந்த வீட்ல"ன்னு தம்பியைப் பார்த்துச் சொன்னா அவன் பொண்டாட்டி.

"பீகிள்?"

"ஊளையிடும்ப்பா. பக்கத்து வீட்ல சண்டைக்கு வருவாங்க."

"புள்ளி புள்ளியா இருக்குமே, அது!"ன்னு குதிச்சா வாலு.

"டால்மேஷன். அது ஓடிட்டே இருக்கணும். யாரு கூட்டிட்டு ஓடறது, அப்பாவா?"

தம்பி தன் தொப்பையைத் தடவிப் பார்த்துட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டான். பொமரேனியன் வாலுகிட்ட மாட்டினா உயிரோட இருக்காதுன்னு ஏகமனதா முடிவாச்சு. கடைசியில லாப்ரடார். வாலைப் பிடிச்சு இழுத்தாலும் பொறுத்துக்கும், குழந்தைங்கன்னா உயிர், முடி மட்டும் கொட்டும். "கொட்டினா கூட்டிக்கலாம்"னாங்க. கூட்டறது யாருன்னு நான் கேக்கல. என் விஷயத்தை எடுக்கறதுக்குள்ள எல்லாரும் செருப்பு மாட்டியாச்சு. நாய்க்காரம்மாகிட்ட அன்னிக்கே வர்றதா தம்பி சொல்லி வச்சிருந்தானாம்.

"நீயும் வாக்கா, வீட்ல ஒண்டியா உக்காந்து என்ன பண்ணப் போற?"ன்னான். அதுக்கே எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. போற வழியில பின் சீட்ல ரெண்டு பொண்ணுங்களுக்கு நடுவுல உக்காந்துட்டு வந்தேன். கார்ல சொல்லலாம்னு பார்த்தா நாய்க்கு என்ன பேரு வைக்கறதுன்னு ஒரே கூச்சல்.

நாய்க்காரம்மா வீடு ஊர்க் கோடியில. கம்பி வேலி, சிமெண்ட் போட்ட முற்றம், ஓரமா ஒரு குழாய். அந்தம்மா ரப்பர் பூட்ஸ் போட்டுட்டு, முழங்கை வரைக்கும் சோப்பு நுரையோட வந்தாங்க. வாங்கன்னு சொல்லல, உக்காருங்கன்னு சொல்லல. நேரா விசாரணைதான். சொந்த வீடா, வாடகையா? எத்தனாவது மாடி? லிஃப்ட் உண்டா? சின்னக் குழந்தைக்கு ஆஸ்துமா இருக்கா?

"வீட்ல மொத்தம் எத்தனை பேர்?"

"நாலு பேர்"னான் தம்பி.

யோசிக்கல, தயங்கல. பொய் சொல்றவன் தயங்குவான். அவன் மனசுல இருக்கறதைச் சொன்னான், அவ்வளவுதான். நான் அவனுக்குக் கை எட்டற தூரத்துல வாலுவோட தண்ணி பாட்டிலைப் பிடிச்சிட்டு நின்னுட்டு இருந்தேன்.

அந்தம்மா என்னைப் பார்த்தாங்க. "இவங்க?"

"எங்க அக்கா. எங்ககூடத்தான் இருக்காங்க."

"அப்ப அஞ்சு."

"ஆமா ஆமா, அஞ்சு"ன்னு சிரிச்சான். அவன் பொண்டாட்டியும் சிரிச்சா. வேற என்ன பண்றது, நானும் சிரிச்சு வச்சேன். பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.

அதுக்குள்ள அந்தம்மா ஒரு லாப்ரடாரைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. குட்டி இல்ல, ஒரு வயசுப் பொண்ணு. தேன் கலர். வந்த உடனே வாலுவை மோந்து பார்த்துச்சு. வாலு அது காதைப் பிடிச்சு இழுத்தா, சும்மா நின்னுச்சு. அப்புறம் நேராப் போய்ப் பெரியவ மடியில தலையை வச்சுப் படுத்துடுச்சு. அவ எப்ப தரையில உக்காந்தான்னே நான் பார்க்கல. சிமெண்ட் ஈரம் பாவாடையெல்லாம் ஏறுது, அவ கண்டுக்கவே இல்ல. அந்த முகத்தை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல. நிறைஞ்சு கிடந்துச்சு.

"இவளை ஒரு வீட்ல வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டு வந்து விட்டுட்டாங்க"ன்னாங்க நாய்க்காரம்மா. "கதவைக் கடிக்குதாம். காலையில பூட்டிட்டுப் போனா ராத்திரிதான் வருவாங்களாம், அப்புறம் கடிக்காம? இந்த ஜாதிக்கு மனுஷங்க இல்லாம முடியாது. குழந்தைங்களுக்கு ஏத்த நாய்தான், இல்லன்னு சொல்லல. ஆனா குழந்தைங்க ஸ்கூலுக்குப் போயிடுதே. பகல்ல வீட்ல யாரு இருப்பா?"

"அக்கா எப்பவும் வீட்லதான்"னான் தம்பி.

"அவங்க ரூம்லயே படுத்துக்கும். மெஷினுக்குப் பக்கத்துல இடம் இருக்கு"ன்னா அவன் பொண்டாட்டி. எனக்கே அப்பத்தான் தெரியும்.

"உங்க ரெண்டு பேரையும் கேக்கல"ன்னாங்க அந்தம்மா. "பகல்ல இருக்கறவங்க அவங்க வாயால சொல்லணும். அது இல்லாம நான் நாயைக் கொடுக்கறது இல்ல. சொல்லுங்கம்மா, நீங்க இருப்பீங்களா?"

நாலு தலையும் என் பக்கம் திரும்புச்சு. அந்தக் குடும்பம் மொத்தமா என் முகத்தை ஒரே நேரத்துல பார்த்து எத்தனை காலம் ஆச்சுன்னு தெரியல. ஹால்ல சொல்ல முடியாதது, கார்ல சொல்ல முடியாதது, அங்க, நாய் மூத்திர வாடைக்கு நடுவுல வெளிய வந்துச்சு.

"நான் இருக்க மாட்டேங்க. வேற ஊர்ல வேலை வந்திருக்கு. போகலாம்னு இருக்கேன்."

"என்னது?"ன்னான் தம்பி. "அக்கா, என்ன விளையாடறியா? இப்பப் போய் இதைச் சொல்ற! நீ எங்கயும் போக வேணாம்."

"அக்கா, அதெல்லாம் போகாதீங்க. நீங்க போயிட்டா எப்படி?"ன்னு என் கையையே பிடிச்சுட்டா அவன் பொண்டாட்டி. அவ கை என் மேல பட்டு அவ்வளவு நாள் ஆயிருந்துச்சு, சில்லுன்னு இருந்துச்சு.

"அத்தை போகாத! போகாத அத்தை! நீ போனா நாய் தர மாட்டாங்க!"ன்னு வாலு என் காலைக் கட்டிட்டு ஓன்னு அழுதா.

காது குளிரக் கேட்டேன். ஒருத்தர் சொன்னா போதும்னு இருந்தேன், மூணு பேர் சொல்லிட்டாங்க. அடிச்சுது யோகம். குழந்தைக்காவது மறைக்கத் தெரியல, உள்ளதை உள்ளபடி சொல்லிடுச்சு. எனக்கு வெக்கமா இருந்துச்சு. அங்க நின்னு ஒரு நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்னா பார்த்துக்கோங்க.

ஆனா சும்மா சொல்லக் கூடாது, சரின்னு சொல்லிடத்தான் இருந்தேன். காரணம் கேக்க மாட்டேன்னு நானேதானே எனக்கு விதிச்சிருந்தேன்? எதுக்கோ ஒண்ணுக்கு வேணும்னு சொல்றாங்களே, அதுவே பெரிசு இல்லையா? பகல்ல ஒரு ஜீவன் காலடியில கிடக்கும். மெஷினைப் பார்த்துப் பேசறதுக்கு அதுகிட்ட பேசலாம்.

"பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க"ன்னு அந்தம்மா அடுத்த கூண்டைக் கழுவப் போயிட்டாங்க. தம்பியும் அவன் பொண்டாட்டியும் காருக்குப் பக்கத்துல போய்க் குசுகுசுன்னு ஆரம்பிச்சாங்க. நான் குழாயில முகத்தைக் கழுவிட்டு இருந்தேன். பெரியவ வந்து பக்கத்துல நின்னா. பின்னாலயே அந்த நாயும் வந்து அவ கால்ல சாஞ்சுக்கிச்சு. அவ மட்டும் இன்னும் ஒரு வார்த்தை சொல்லலன்னு அப்பத்தான் உறைச்சுது.

"அத்தை, அங்க உனக்கு ரூம் இருக்கா?"

"இருக்குடி."

"கதவு?"

"இருக்கும். ரூம்னா கதவு இல்லாமயா?"

கொஞ்ச நேரம் நாய் காதைத் தடவிட்டு இருந்தா. "அங்க உன்கூட யாரு இருப்பா?"

"யாரும் இல்ல. நானும் மெஷினும்தான்."

"இங்கயும் அப்படித்தானே?"

குத்தறதுக்காகச் சொல்லல. கணக்குக்கு விடை சொல்ற மாதிரி சொன்னா.

"நீ சில நாள் துணி இல்லாம மெஷினை ஓட்டுவ"ன்னா. "துணி இருந்தா ஒரு சத்தம், இல்லன்னா வேற சத்தம். என் கட்டில் உன் பால்கனிச் சுவரை ஒட்டித்தானே இருக்கு. நீ அழுதா வெளிய கேக்கக் கூடாதுன்னு ஓட்டற. எனக்குத் தெரியும்."

ஐயோ! யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிட்டு நான் பண்ணின திருட்டுத்தனத்தை, ஒரு குழந்தை சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணை முழிச்சுக்கிட்டுக் கேட்டுட்டு இருந்திருக்கு. அவ தலையில கையை வச்சேன்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல. சொன்னா எல்லாரும் வந்து என்னாச்சுன்னு கேப்பாங்க. உனக்குப் பிடிக்காது."

சொல்லிட்டுக் குனிஞ்சு நாயோட நெத்தியில நெத்தியை வச்சா. ரொம்ப நேரம் இல்ல. அப்புறம் நிமிர்ந்து, யாரையும் பார்க்காம, நாய்க்காரம்மா கூண்டு கழுவிட்டு இருந்த இடத்துக்கு விறுவிறுன்னு நடந்தா. இவ என்ன பண்ணப் போறான்னு எனக்குப் பிடிபடறதுக்குள்ள குரல் வந்துடுச்சு. அந்தக் குரல் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதே இல்ல.

"ஆன்ட்டி, எங்க வீட்ல பகல்ல யாரும் இருக்க மாட்டாங்க. எங்க அத்தை ஊருக்குப் போறாங்க. நாய் வேணாம்."

"ஏய்! உன்னை யாருடி கேட்டா?"ன்னு அவ அம்மா அங்கேருந்து கத்தினா. வாலு மறுபடி தரையில விழுந்தா. தம்பி, "குழந்தை ஏதோ உளறுதுங்க, நாங்க பேசிட்டுத்தான் இருக்கோம்"னு ஓடி வந்தான்.

நாய்க்காரம்மா அவனைப் பார்க்கல. என்னைப் பார்த்தாங்க. நான் இல்லன்னு தலையாட்டியிருக்கலாம். இருப்பேங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாயும் வந்திருக்கும், நானும் இருந்திருப்பேன், பெரியவளுக்கும் கேட்டது கிடைச்சிருக்கும். ஆனா அவ என் பக்கம் முதுகைக் காட்டிட்டு, ரெண்டு கையையும் இறுக்க மூடிட்டு நின்னா. அந்தக் கைக்கு முன்னாடி, இருப்பேன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

"ஆமாங்க. நான் ஊருக்குப் போறேன்"னேன்.

அந்தம்மா கழுத்துப் பட்டையில சங்கிலியை மாட்டி நாயை உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அது திரும்பித் திரும்பிப் பார்த்துச்சு. பெரியவ பார்க்கல.

திரும்பி வரும்போது கார்ல வாலு அழுதே தூங்கிட்டா. கொஞ்ச தூரம் போனதும் தம்பி கண்ணாடியில என்னைப் பார்த்து, "இவ்வளவு பெரிய விஷயத்தை எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலயாக்கா உனக்கு?"ன்னான். நிஜமாவே மனசு நொந்துதான் கேட்டான், பாவம். அவன் பொண்டாட்டி, லோன் போட்டு ஆயா யாரையாவது வச்சாத்தான் உண்டு, ஸ்கூல்லேருந்து இதுங்களைக் கூட்டிட்டு வர்றது யாருன்னு தனக்குத்தானே பேசிட்டு வந்தா.

பெரியவ ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தா. பாவாடையில நாய் முடி ஒட்டியிருந்துச்சு. ஒவ்வொண்ணா எடுத்து உள்ளங்கையில சேர்த்துட்டே வந்தா. நான் அவ காதுகிட்ட குனிஞ்சு, "உனக்கு நாய் வேணாமாடி?"ன்னு கேட்டேன். வேற எதுவும் கேக்கத் தோணல.

"ரொம்ப வேணும்"னா. உதடு கோணிக்கிச்சு. "பேசாத அத்தை, அழுகை வரும்."

இவளை மடியில போட்டுக்கிட்டு, ஒரே ஒரு தடவை நீயும் போகாதன்னு சொல்லுடின்னு கெஞ்சணும் போல இருந்துச்சு. இவ சொன்னா இருந்துடுவேன், லாண்டரியாவது கடையாவது. ஆனா அத்தனை நாள் ஆசைப்பட்டதை என் பொருட்டு உதறிட்டு வந்து உக்காந்திருக்கறவகிட்ட அதைப் போய் எப்படிக் கேக்கறது? இந்த வீட்ல எனக்குன்னு ஒரு ஆள் இருந்திருக்கு. இவ்வளவு வருஷமா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கு, நான்தான் கவனிக்கல. தெரிஞ்ச அன்னிக்கு அதுவே என்னைப் போன்னு அனுப்பி வைக்குது. நான் அவ தோள்ல கையைப் போட்டுக்கிட்டு வீடு வர்ற வரைக்கும் வெளியவே பார்த்துட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில லாண்டரிக்காரருக்கு போன் பண்ணி, வர்றேன்னு சொல்லிட்டேன்.